எலி அல்லாத எலிகளின் நாட்டில்

புதன், பெர்லின்

ஜெர்மன்காரர்கள் எலி என்பதை ஓர் அளவாகவே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கி உடம்பில் மயிரும் இருந்தால் எலி. கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்தால் பன்றி. மரமேறினால் பூனை. உட்கார்ந்துகொண்டு கையால் எதையாவது துழாவினால் கரடி. வௌவாலுக்கு இங்கே பெயர் ஃப்ளேடர்மவுஸ், அதாவது படபடக்கும் எலி.

அக்கா மகள் இங்கே முதுகலை படிக்கிறாள். இந்த வயதில் பாப்பா என்று கூப்பிடாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டாள், எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலிலேயே பட்டியலை ஆரம்பித்துவிட்டாள். "சித்தி, கினிப் பன்றிக்கு இங்க என்ன பேர் தெரியுமா? மேர்ஷ்வைன்ஷென். கடல் பன்றிக்குட்டி."

அதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பிராணி, அவ்வளவுதான் சம்பந்தம். நம் அகராதிகளில் அது சீமைப் பெருச்சாளி. சீமைக் கருவேலம், சீமை எண்ணெய் வரிசையில் அதையும் சேர்த்துவிட்டோம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே புத்திதான் என்றேன். பாப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

மதியம் இன்வாலிடன் தெருவில் இருக்கும் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போனோம். எல்லாரும் 13 மீட்டர் உயர டைனோசர் எலும்புக்கூட்டின் கீழே கழுத்து வலிக்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் போனது வேறொரு ஆளுக்காக. ஹெர்மான் போலே என்ற பாலூட்டியியல் அறிஞர் இங்கேதான் வேலை பார்த்தார். அவருக்கு இரண்டு பெயர்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. ஒன்று ஃப்ளேடர்மவுஸ், இன்னொன்று ஷ்பிட்ஸ்மவுஸ். பின்னது நம் மூஞ்சூறு. இவர்கள் பாஷையில் கூர் எலி. வௌவாலும் எலி கிடையாது, மூஞ்சூறும் எலி கிடையாது. மூஞ்சூறு பூச்சி தின்னும் தனி வம்சம், எலியைவிட முள்ளெலிக்குத்தான் நெருங்கிய சொந்தம். பிறகு எதற்கு இந்த 'மவுஸ்'? வாலை வெட்டிவிடலாம், இனி 'ஃப்ளேடர்', 'ஷ்பிட்ஸர்' என்று மட்டும் சொல்லலாம் என்றார் போலே. ஜெர்மன் பாலூட்டியியல் சங்கமும் தன் 15வது பொதுக்கூட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டது.

அது நடந்த காலம்தான் விசேஷம். 1942 மார்ச் 3 அன்று பெர்லின் நாளிதழ் ஒன்றில் இனி ஃப்ளேடர்மவுஸ் கிடையாது என்று செய்தி வந்தது. மாஸ்கோ வாசல்வரை போன ஜெர்மன் படை குளிரில் அடிபட்டுப் பின்வாங்கியிருந்த நேரம். செய்தி ஹிட்லர் கண்ணில் பட்டது. மறுநாளே ஹிட்லரின் வலதுகரமான போர்மான், அரசுத் தலைமைச் செயலகத்தில் இருந்த லாமர்ஸுக்குத் தாக்கீது அனுப்பினார்: பெயர் மாற்றத்தை உடனே திரும்பப் பெற வேண்டும், அந்தச் சங்கத்தாருக்கு உருப்படியாகச் செய்ய வேறு வேலை இல்லையென்றால், ரஷ்யப் போர்முனையில் கட்டுமானப் படையில் நீண்ட நாள் இருந்துவிட்டு வரட்டும்.

அத்தோடு முடிந்தது. ஆனால் பெயர்கள் பிழைத்தது அந்த மிரட்டலால் என்று நான் நினைக்கவில்லை. யாரும் மிரட்டியிருக்காவிட்டாலும் எந்த ஜெர்மன் பாட்டியும் பேரனுக்கு 'அதோ பார், ஃப்ளேடர்' என்று காட்டியிருக்க மாட்டாள். போதாக்குறைக்கு ஷ்பிட்ஸர் என்றால் இங்கே பென்சில் சீவும் கருவி.

நம் பாஷையில் இந்த இரண்டு பெயர்களுக்கும் போலே தேவைப்பட்டிருக்க மாட்டார். வௌவால், மூஞ்சூறு, எலி, மூன்றும் மூன்று பெயர்.

வியாழன், ஸ்பாண்டாவ்

பெர்லினின் மேற்கு ஓரத்தில், தண்ணீர் சூழ்ந்த 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை. அதன் கோபுரத்தில் ஒரு காலத்தில், பிரான்ஸிடம் வாங்கிய போர் இழப்பீட்டில் 12 கோடி மார்க்கைத் தங்க நாணயமாகவே பூட்டி வைத்திருந்தார்களாம். இப்போது கோட்டையின் சொத்து வௌவால்கள்தான். குளிர்காலத்தில் சுமார் 10,000 வௌவால்கள் இங்கே சுவர் இடுக்குகளில் தூங்குகின்றன. ஆகஸ்ட் கடைசியில் அவை வந்து இடம் பார்த்துவிட்டுப் போகும். கல்யாண மண்டபம் பார்க்க வருகிறவர்களைப் போல ஒவ்வொரு அறையாக நுழைந்து சுற்றிவிட்டுக் கிளம்பும்.

உள்ளே ஒரு நிலவறையில் வெப்பநாட்டு வௌவால்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வளர்க்கிறார்கள். இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. எகிப்தியப் பழந்தின்னி ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி ஆப்பிள் துண்டை ஒரு கால் விரல்களால் பிடித்துக்கொண்டு மென்றது. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருட்டித் துப்பியது. வெற்றிலை போடும் பெரியவர்களிடம் இருக்கும் அதே நிதானம். இதற்கு இங்கே எலிப் பட்டம் கிடையாது. ஃப்ளூக்ஹுண்ட், பறக்கும் நாய். நீண்ட மூக்கு, ஈரக் கண், பழுப்பு மயிர். ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்துப் பெரிய வௌவால்களை நரி என்கிறார்கள். எனக்கென்னவோ நாயாகத்தான் தெரிந்தது, அதிலும் சோறு கேட்கும் நாய்.

இருட்டியதும் அகழியோரம் ஒரு நடை. வழிகாட்டி, நம் காதுக்கு எட்டாத வௌவால் குரலைக் கேட்கவைக்கும் மீயொலிக் கருவியை ஆளுக்கொன்று கொடுத்தார், பழைய பாக்கெட் ரேடியோ அளவுதான். குமிழைத் திருப்பி 45 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் குள்ள வௌவாலின் குரல் 'டக்டக்டக்' என்று கேட்கிறது. பூச்சியை நெருங்கும்போது அந்த டக்டக் வேகமெடுத்து ஒரே 'ர்ர்ர்' ஆகி நின்றுவிடும். நின்றால் கொசு காலி என்று அர்த்தம். 20க்குத் திருப்பினால் வேறொரு தாளம், நிதானமாக 'சிப்... சாப்' என்று. அது ஆபெண்ட்ஸேக்லர், இந்த ஊரின் பெரிய வௌவால்களில் ஒன்று. பெயருக்கு அர்த்தம் மாலைப் பாய்மரக்காரன். எலியென்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லியிருக்கிறது.

வெள்ளி, டிரெஸ்டன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். "வௌவாலைப் பாக்கவா அவ்வளவு செலவு பண்ணிப் போனே? நம்ம கோயில் மண்டபத்துலயே தொங்குதே." இன்று நான் பார்க்க வந்தது வௌவால் நிறுத்திய பாலத்தை.

டிரெஸ்டன் நகரத்துக்கு எல்பா நதியின் குறுக்கே இன்னொரு பாலம் வேண்டியிருந்தது. 2004இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தது. பாலம் வந்தால் அழகு கெடும் என்றது. 2005 வாக்கெடுப்பில் ஜனங்கள் பாலம்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் 2007 ஆகஸ்டில் வேலையை நிறுத்தியது யுனெஸ்கோ இல்லை. சின்ன ஹூஃப்ஐஸன்னாஸெ என்ற வௌவால், அதாவது லாட மூக்கன். எடை 5 முதல் 9 கிராம். அது போய்வரும் பாதையில் பாலம் குறுக்கிடுகிறது என்று இயற்கை ஆர்வலர்கள் வழக்குப் போட, நிர்வாக நீதிமன்றம் தடை விதித்தது.

இந்தப் பெயர் அளவை வைத்து வைத்ததல்ல. யாரோ கிட்டப் போய் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். மூக்கைச் சுற்றித் தோல் மடிந்து குதிரை லாடம் மாதிரியே இருக்கும். மற்ற வௌவால்கள் பெரும்பாலும் வாயைத் திறந்து மீயொலி எழுப்பும். இது வாயை மூடிக்கொண்டு மூக்கால் எழுப்பும், லாடம்தான் அதைக் குவித்து அனுப்பும். தொங்கும்போது இறக்கையால் உடம்பு முழுவதையும் போர்த்திக்கொள்ளும். தாழப் பறக்கும், வேலியையும் மரவரிசையையும் ஒட்டியே போகும், வெளிச்சம் என்றால் ஆகாது. நான்கு வழிப் பாலமும் வரிசை விளக்குகளும் கார்களும் அதற்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மேல்முறையீட்டில் நவம்பரிலேயே தடை விலகியது, ஒரு நிபந்தனையோடு. வௌவால் நடமாடும் மாதங்களில் இரவில் பாலத்தின் மேல் 30 கிலோமீட்டர் வேகம்தான். யுனெஸ்கோ 2009இல் டிரெஸ்டன் பள்ளத்தாக்கைப் பட்டியலிலிருந்து எடுத்தே விட்டது. 2013இல் பாலம் திறந்தாயிற்று.

பாலத்தில் நடந்தோம். பாலம் ஒன்றும் அழகில்லை, அசிங்கமும் இல்லை. இருட்டியபின் கார்கள் 30இல் ஊர்ந்தன. எவர் முகத்திலும் வௌவால் மேல் பாசம் தெரியவில்லை. கேமராவுக்குப் பயந்துதான் ஊர்கிறார்கள். வௌவாலுக்கு அதுவே போதும்.

சனி, மறுபடி பெர்லின்

பயணம் இல்லை, துணி துவைத்தோம். பாப்பா குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டியின் பூனை காலையில் வாசல் மிதியடியில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தது. கட்டைவிரல் நீளம், வெல்வெட் மாதிரிச் சாம்பல் மயிர், ஊசி மூக்கு. ஷ்பிட்ஸ்மவுஸேதான்! கொன்றிருந்தது, ஆனால் பல் படவில்லை. பாட்டி அலுத்துக்கொண்டார்: எப்போதும் இப்படித்தான், எலியென்றால் தலை முதல் வால் வரை தின்னும், இதை மட்டும் தொடாது. மூஞ்சூறின் விலாவில் நாற்றச் சுரப்பி உண்டு, பூனைக்கு அது பிடிக்காது.

போலே கூட்டம் போட்டுச் சொன்னது இந்தப் பூனைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஞாயிறு, காஸெல்

கடைகள் எல்லாம் மூடல். திறந்திருந்த ஒரே இடம் ஸ்டேஷன் பேக்கரி.

இங்கே வந்தது வாஷ்பேர் பார்க்க. துவைக்கும் கரடி! நாம் ரக்கூன் என்கிறோம். அமெரிக்கப் பிராணி. 1934இல் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஏடர் ஏரிக்கரைக் காட்டில் இரண்டு ஜோடிகளை வேண்டுமென்றே விட்டார்கள். காட்டில் இன்னொரு பிராணி இருக்கட்டும் என்ற ஆசைதான் காரணம். அதன் சந்ததி இப்போது நாடு முழுக்க. போர்க்காலத்தில் பெர்லினுக்குக் கிழக்கே தோலுக்காக இவற்றை வளர்த்த ஒரு பண்ணையில் குண்டு விழுந்து தப்பித்தவை தனிக் கூட்டம். காஸெல் ஐரோப்பாவிலேயே ரக்கூன் நெருக்கமாக வாழும் நகரங்களில் ஒன்று.

தெருவில் நடந்தால் வீடுகளே சொல்லிவிடும். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மேலே வழவழப்பான தகரப் பட்டை. நகம் பிடிக்காமல் வழுக்கி விழட்டும் என்று. குப்பைத் தொட்டிக்கு மேல் ரப்பர் பட்டை. நாங்கள் தங்கிய வீட்டில், பூனை வந்துபோக வைத்த குட்டிக் கதவு வழியாக ராத்திரி இது வந்து பூனைச் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறதாம். பூனை சோபா மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்குமாம்.

துவைப்பது எதற்கு? உண்மையில் அது எதையும் கழுவுவதில்லை. முன்னங்கால் விரல்களில் தொடுவுணர்ச்சி அதிகம், ஓடைத் தண்ணீரில் கைவிட்டுத் துழாவி நண்டும் நத்தையும் பிடிக்கும் பழக்கம். கூண்டில் வைத்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது, கொடுத்ததைத் தண்ணீரில் போட்டு உருட்டும். பார்த்தவர்கள் சுத்தக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் கை வௌவாலையும் விடுவதில்லை என்பது கொஞ்சம் கசப்பான சேதி. குளிர்கால உறைவிடங்களின் வாசலில் காத்திருந்து பிடித்துத் தின்கிறதாம். 2016இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இதுவும் உண்டு. ராத்திரி பதினொன்றரைக்கு ஒன்றைப் பார்த்தோம். வேலி மேல் உட்கார்ந்து எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. முகமூடிக் கொள்ளைக்காரன் முகம். பயம் துளியும் இல்லை.

திங்கள், ஹைனிஷ்

ஐசனாக் வரை ரயில், அங்கிருந்து பாப்பாவின் சிநேகிதி காரில் ஹுட்ஷெரோடா என்ற குக்கிராமம். பக்கத்தில் ஹைனிஷ் பீச் மரக்காடு, 2011இலிருந்து உலகப் பாரம்பரியச் சொத்து. ஊரே காட்டுப்பூனையின் பெயரால் பிழைக்கிறது.

இங்கே பெயரில் குழப்பம் இல்லை. வில்ட்காட்ஸெ, காட்டுப்பூனை. ஆனால் பூனையிலேதான் குழப்பம். அடைப்புக்குள் கட்டை மேல் படுத்திருந்ததை முதலில் பார்த்தபோது, யாருடைய வீட்டுப் பூனை என்று கேட்க வாயெடுத்தேன். சாம்பல் உடம்பு, மங்கிய வரி. அப்புறம் அது திரும்பி நடந்தது. வால் வீட்டுப் பூனையின் வால் இல்லை. தடியாக, கடைசிவரை ஒரே பருமனாக, கறுப்பு வளையங்களோடு, நுனி மழுங்கி. உலக்கையின் பூண் மாதிரி முடிகிறது. நம் வீடுகளிலும் இவர்கள் வீடுகளிலும் சோபாவில் தூங்குவது மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கப் பக்கத்துக் காட்டுப்பூனையின் வாரிசு. இது ஐரோப்பாவின் சொந்தப் பூனை, யாருக்கும் பழகாது. ஆண் காட்டுப்பூனைக்கு வேட்டைக்காரர்கள் பாஷையில் தனிப் பெயர்கூட உண்டு: கூடர். மானையும் முயலையும் அழிக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சுட்டார்கள். வயிற்றை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எலி. உண்மையான எலி.

காட்டில் இதைக் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மழுக்காத, சொரசொரப்பான மரக்குச்சியைத் தரையில் நட்டு, வலேரியன் என்ற செடியின் வேர்ச் சாற்றைத் தெளித்துவிடுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அந்த வாசனைக்குப் பூனை கிறங்கிப்போய்க் குச்சியில் கன்னத்தைத் தேய்க்கும், முதுகைத் தேய்க்கும். சிலாம்பில் மயிர் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், வீட்டுப் பூனையா காட்டுப்பூனையா, முன்பே வந்து போனதா என்பதுவரை மரபணு சொல்லிவிடும்.

வழிகாட்டிப் பெண் ஒரு குச்சியை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிராய். மோந்து பார்த்தேன், நாள்பட்ட காலுறை நாற்றம். இதற்கா இந்தக் கிறக்கம் என்று கேட்டேன். அப்போதுதான் குப்பைமேனி ஞாபகம் வந்தது. அதற்குப் பூனைவணங்கி என்று நம் ஊரில் இன்னொரு பெயர் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதன்மேல் புரளும். அவரிடம் சொன்னேன், செடியின் லத்தீன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்காலிஃபா இண்டிகா என்று பாப்பா போனில் பார்த்துச் சொன்னாள்.

ஹைனிஷிலிருந்து துரிங்கியக் காட்டுக்குப் பூனை நடந்துபோக, வயல்களுக்கு நடுவே மரமும் புதருமாக ஒரு பச்சைப் பாதையை 2007இல் நட ஆரம்பித்தார்கள். திறந்த வயலில் காட்டுப்பூனை கால் வைக்காது, மறைவு வேண்டும். லாட மூக்கனும் அப்படித்தான். பாதி ஜெர்மனியில் சின்னப் பிராணிகளுக்காக வேலி நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய், ரயிலில்

மியூனிக் வரை பொழுது போகவில்லை, பாப்பா பட்டியலைத் தொடர்ந்தாள். மேர்காட்ஸெ, கடல் பூனை. கடலும் இல்லை, பூனையும் இல்லை: ஆப்பிரிக்கக் குரங்கு. கப்பலில் வந்த வால் நீண்ட பிராணி என்பதால் இருக்கலாம். இல்லை, சமஸ்கிருத 'மர்க்கட'த்தின் திரிபாக இருக்கலாம் என்று ஓர் ஊகமும் உண்டு. ஊகம்தான், யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எனக்கு உடனே வைணவத்தின் வடகலையும் தென்கலையும் ஞாபகம் வந்துவிட்டன. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி வடகலையாரின் மர்க்கட நியாயம். தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி தென்கலையாரின் மார்ஜார நியாயம். கடவுளை நாம் பற்ற வேண்டுமா, அவரே நம்மைத் தூக்கிப் போவாரா என்று பெரிய பெரிய ஆசாரியர்கள் தீர்க்காத வழக்கு. இவர்கள் குரங்கையே பூனையாக்கி முடித்துவிட்டார்கள்.

புதன், மியூனிக் பக்கம்

பாப்பாவின் வகுப்புத் தோழன் வீட்டில் தங்கல், ஊர்ப்புறம், காடு ஒட்டிய வீடு. ராத்திரி பரணில் யாரோ நாற்காலி இழுப்பது போல் சத்தம். காலையில் அவன் அம்மா மன்னிப்புக் கேட்டார்: ஸீபன்ஷ்லேஃபர். ஏழு தூங்கி. அணில் மாதிரி வாலுள்ள கொறிவிலங்கு, வருஷத்தில் ஏழு மாதமாவது தூங்கும், மிச்ச மாதங்களில் பரணில் குடித்தனம். பாதுகாக்கப்பட்ட இனம், ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் கொஞ்ச நாள், குளிர் வந்தால் மண்ணுக்குள் போய்விடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்.

தோட்டத்தில் சிவப்பு அணில். வடக்கே இது ஐஷ்ஹோர்ன்ஷென், பெயருக்குள் கொம்பு இருக்கிறது, தலையில் இல்லை. பவேரியாவில் ஓஅக்கட்ஸல், ஓக் மரப் பூனைக்குட்டி. மரமேறினால் பூனை என்று நான் எழுதியதை இங்கே உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இங்கே வெளியூர்க்காரரை மடக்க ஒரு பரீட்சை உண்டு: 'ஓஅக்கட்ஸல்ஷ்வோஃப்' என்று சொல்ல வேண்டும். அணில் வால் என்று அர்த்தம். பெர்லின்காரர்களுக்கே வராதாம். காலை உணவு மேஜையில் எனக்கும் பரீட்சை வைத்தார்கள். முதல் தடவை பையன் சிரித்தான், இரண்டாவது தடவை அவன் அம்மா சிரித்தார், மூன்றாவதுக்கு அவன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டுத் தலையாட்டினார். பாஸாம்.

சரி, இப்போது என் முறை என்று, "வியாழக்கிழமை கிழட்டுக் கிழவி வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தாள்" என்பதைக் கொடுத்தேன். பையன் கிழவியிடமே விழுந்துவிட்டான். அப்பா மூன்று தடவை முயன்று, 'வாலப்பலம்' வரை வந்தார். நம் ஊர் டிவி அறிவிப்பாளர்கள் சிலரைவிட மோசமில்லை என்று நான் சொன்னதை பாப்பா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.